அட்டைப்பெட்டியில் வஸ்ஃபியாவின் முகம்

வஸ்ஃபியாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வளைகுடா விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துப் பல்லைக் காட்டியவள் என்கிறது ஒரு கட்சி. பெட்டியில் எழுதிவைத்த வீராங்கனை என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் அவளோடு ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. நான் பதினோரு வருஷம் அவளுக்கு எதிரே நின்று பேரீச்சம்பழம் பொறுக்கியவள். நடந்ததைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் பங்கு எதுவும் இல்லை.

எங்கள் ஊர் கிர்பத் அல்-வாவி. எரிகோவுக்கு வடக்கே, பள்ளத்தாக்கின் அடியில், பதினோரு வீடு. வீடு என்றால் தகரமும் தார்ப்பாயும். கல் வைத்துக் கட்டினால் அனுமதி இல்லை என்று ராணுவத்தார் இடிக்க வருவார்கள். தகரத்தில் கட்டினாலும் அதையே சொல்லித்தான் வருவார்கள். ஆனால் தகரத்தை மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம்.

வஸ்ஃபியாவின் வாப்பா மிஸ்லிஹ் நெடுஞ்சாலை ஓரத்தில் கத்தரிக்காயும் வெள்ளரியும் போட்டுக்கொண்டிருந்தவர். அவள் சிறுமியாக இருந்தபோது அந்த நிலத்தை ராணுவப் பயிற்சிக்கு என்று சொல்லி வேலி கட்டினார்கள். பத்து வருஷம் ஒரு சிப்பாயும் அங்கே பயிற்சி எடுக்கவில்லை. பிறகு வேலியைப் பிரித்தார்கள். மிஸ்லிஹ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாராம், நிலம் திரும்பி வந்துவிட்டது என்று. வந்திருந்தவர்கள் மேட்டில் ஊர் கட்டிக் குடியிருக்கும் யூதக் குடியேற்றக்காரர்கள். சொட்டுநீர்க் குழாயும் பேரீச்சங்கன்றுமாக வந்திருந்தார்கள். மிஸ்லிஹ் அதற்குப் பிறகு நெடுஞ்சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்ததே இல்லை. அப்படியே ஒரு நாள் செத்தும் போனார்.

அந்தக் குடியேற்றத்தின் பேக்கிங் கொட்டகையில்தான் அவர் மகள் வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவது? பள்ளத்தாக்கில் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வேலை இருக்கும். தண்ணீர் அவர்களிடம் இருந்தது. எங்களைக் கூட்டிப்போய் விடும் காண்ட்ராக்டர் அபூ காலிப் எங்கள் ஆள்தான், நாப்லஸ்காரன். கூலியில் பாதி அவன் வாயில் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வஸ்ஃபியாவிடம் கேட்டேன்.

"உங்க வாப்பா மண்ணுல வெளஞ்சத நீயே பொறுக்கி அவனுக்குப் பெட்டி கட்டிக் குடுக்கிறியே, மனசு கூசலையாக்கா?"

"ஏன் கூசாம? தெனமும் கூசுது" என்றாள். கை நிற்கவில்லை. "நீ முதல்ல கையப் பாரு. தோல் பிரிஞ்ச பழத்த முதல் தரத்துல போடுற."

அவள் கையைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் ஒரு தொடு தொட்டால் போதும், ஈரப்பதம், இனிப்பு, உள்ளே புழு, எல்லாம் தெரிந்துவிடும். மேலாளர் ஹெஸி வெளிநாட்டு வியாபாரிகளை அழைத்துவந்து, "எங்ககிட்ட இருக்கிறதுலயே நல்ல மெஷின் இதுதான்" என்று அவளைக் காட்டிச் சிரிப்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

ஹெஸி எங்களைத் திட்டியதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை எண்ணெயும் மாவும் தருவான். வஸ்ஃபியாவின் புருஷன் ஃபவ்வாஸ் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் தூவும்போது லிஃப்ட் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அன்று, தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடிவரை போனவன் ஹெஸி. அங்கே எங்கள் ஆம்புலன்ஸில் மாற்றிவிட்டுக் கண் கலங்கினான். மறுவாரம் நஷ்டஈடு கேட்டபோது, ஃபவ்வாஸ் என்ற பெயரில் கம்பெனியில் யாரும் வேலை பார்க்கவில்லை, காண்ட்ராக்டரிடம் கேளுங்கள் என்று கடிதம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவனும் ஹெஸிதான். ஃபவ்வாஸ் அன்றிலிருந்து கட்டிலில். மூத்த மகள் மைஸூன் நர்ஸ் படிப்பு முடித்து, தூபாஸில் ஒரு பையனுக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்தாள்.

இணைப்பு, இணைப்பு என்று பேச்சு அடிபட்ட வருஷம் அது. குடியேற்றக்காரர்களின் அரசாங்கம் பள்ளத்தாக்கை முழுசாகத் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளப் போகிறது, ஜூலை முதல் தேதி என்றார்கள், அப்புறம் அடுத்த மாதம் என்றார்கள். நாங்கள் தகரத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு ஆகஸ்டில் செய்தி மாறியது. வளைகுடா நாடு ஒன்று அவர்களோடு தூதரகம் திறந்து உறவு வைக்கப் போகிறதாம். அதற்குப் பதிலாக இணைப்பை நிறுத்தி வைக்கிறார்களாம்.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரே இரைச்சல்.

"நம்மளக் காப்பாத்திட்டாங்கடி!" என்றாள் இஃப்திகார் அக்கா. எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், வாய் நீளம். "திருடன் விருந்துக்குப் போயிருக்கானாம். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வர மாட்டானாம். கைதட்டுங்க."

வஸ்ஃபியா மட்டும் சிரிக்கவில்லை. "வளைகுடாக்காரங்க வரட்டுமே அக்கா. நம்ம பாஷை பேசுறவங்க, நம்மள மாதிரியே தொழுகுறவங்க. டிவியில பாக்குறது வேற, நேர்ல வந்து பாக்குறது வேற. கண்ணால பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்காமயா போவாங்க?"

"கேப்பாங்க. கிலோ எவ்வளவுன்னு கேப்பாங்க."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. நானும்தான். வஸ்ஃபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை எல்லோரும் அசடு என்று நினைத்தோம். அவள் அசடு இல்லை. வேறு எதை நம்புவது என்று எங்களில் யாராலும் அவளுக்குச் சொல்ல முடிந்திருக்காது.

டிசம்பரில் அவர்கள் வந்தே விட்டார்கள். முந்தின நாள் ஹெஸி பெல்ட் பக்கம் வந்து அவளைத் தனியே கூப்பிட்டான். அவனுக்குச் சந்தை அரபி நன்றாக வரும்.

"நாளைக்கு விருந்தாளி வர்றாங்க. பெரிய வியாபாரி. ரமலானுக்கு மொத்த சரக்கும் அவங்களுக்குத்தான். நீ உங்க பூத்தையல் அங்கியப் போட்டுக்கிட்டு வா. காப்பி ஊத்தணும், பழத்தப் பத்தி நாலு வார்த்தை பேசணும். உன்ன மாதிரி பேச இங்க யாருக்கும் வராது."

இஃப்திகார் அக்கா சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "போகாத. வயித்துவலின்னு சொல்லிப் படு. நாளைக்கு உன்னப் போட்டோ எடுத்து, பாருங்க இவ சந்தோஷமா இருக்கான்னு ஊருக்கெல்லாம் காட்டுவான்."

"எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன, உங்க வாப்பா நிலத்தையா?"

"நெலத்தக் கேக்க எனக்கென்ன கிறுக்கா? தண்ணிக் குழாய் கேக்கப் போறேன்."

குடியேற்றத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் எங்கள் ஆட்டுப்பட்டியிலிருந்து இருநூறு எட்டில் போகிறது. கோடையில் அதன்மேல் காதை வைத்தால் உள்ளே ஓடுவது கேட்கும். எங்களுக்குத் தண்ணீர் டிராக்டர் இழுத்துவரும் தொட்டியில்தான். சாவடி மூடினால் அதுவும் இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கிருந்தோ அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள், இருபது நாள் ஓடியது, ராணுவம் வந்து வெட்டிப் போட்டது. ஃபவ்வாஸைப் படுக்கையில் வைத்துத் துடைத்துக் குளிப்பாட்டும் பெண்ணுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் அவள் கறுப்பு அங்கியில் சிவப்புப் பூவேலையோடு வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் பெல்ட்டை மறந்துவிட்டோம். நாற்பத்தாறு வயசு. கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

வந்தவர்கள் ஆறு பேர், வெள்ளை உடுப்பு, கொரோனா காலத்து மாஸ்க். தலைவர் மாதிரி இருந்த பெரியவரை அபூ முஹைர் என்றார்கள். நல்ல மனுஷர். அதை நான் சொல்லியாக வேண்டும். அவள் காப்பி ஊற்றியதும் வலக்கையால் வாங்கி, "அல்லா உன் கைக்கு பலம் தரட்டும் சகோதரி" என்றார். வாய் நிறைய நம் பாஷை. நான் பத்தடி தள்ளி பெல்ட்டில் நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

அவள் பழத்தைப் பிட்டுக் காட்டினாள். அவர் தின்று தலையை ஆட்டினார். "எங்க நாட்டுலயும் பேரீச்சை இருக்கு. ஆனா இந்தப் பழம், சுபஹானல்லா! உனக்கு எந்த ஊரும்மா?"

"இந்த ஊருதான் ஹாஜியாரே."

"இந்த ஊருன்னா, எரிகோவா?"

"இல்ல. அதோ, அந்தக் கெழக்கு மூலையில மூணாவது வரிசை தெரியுதில்ல? அது எங்க வாப்பாவோட கத்தரித் தோட்டம்."

ஹெஸி சிரித்துக்கொண்டே, "இங்க எல்லாருக்கும் எல்லா இடத்துலயும் ஒரு வாப்பா இருப்பாரு" என்றான். கூட வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அபூ முஹைர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் பார்த்தார். வஸ்ஃபியா தட்டை நீட்டினாள்.

"கவலைப்படாத சகோதரி" என்றார் மெதுவாக. "உங்களுக்காகத்தான் நாங்க இதெல்லாம் செஞ்சோம். இந்தப் பள்ளத்தாக்கு போயிருக்கும். நாங்கதான் நிறுத்தினோம்."

"அல்லா உங்களுக்கு நன்மை செய்யட்டும்" என்றாள் அவள். "ஹாஜியாரே, எங்க ஊரு இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி, நடக்குற தூரம். பதினோரு வீடு. பெரிய குழாய் பக்கத்துலயே போகுது. அதுலேந்து ஒரு சின்ன குழாய், விரல் தடிமன் போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவங்க தட்ட மாட்டாங்க. வந்து பாக்குறீங்களா? அஞ்சு நிமிஷம்."

ஹெஸி கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்து வேறு எங்கோ போக வேண்டுமாம், மதிய சாப்பாடு காத்திருக்கிறதாம். அபூ முஹைர், "இன்ஷா அல்லா, நான் பேசுறேன்" என்று நெஞ்சில் கை வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டு எடுத்துக் கொடுத்தார். "எந்தத் தேவைன்னாலும் இந்த நம்பர். உன் அண்ணன்னு நெனச்சுக்க."

பிறகு படம் எடுத்தார்கள். ஹெஸி அவள் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னான், பழத்தட்டைக் கையில் கொடுத்தான். அவள் சிரித்தாள். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. உண்மையான சிரிப்பு அது. அண்ணன் என்று சொன்ன ஒருவர் கிடைத்த சிரிப்பு. அதுதான் பின்னால் அவளுக்கு வினையாகியது.

அன்று மாலை பஸ்ஸில் கார்டைக் கையிலேயே வைத்திருந்தாள். "நல்ல மனுஷங்கடி ருவைதா. சொல்லுவாரு பாரு" என்றாள் என்னிடம்.

ஜனவரி கடைசியில் படம் வந்தது. மைஸூனின் போனுக்குத்தான் முதலில் வந்ததாம். ரமலான் பெட்டியின் விளம்பரம். மேலே தங்க எழுத்தில் அரபியில், "சமாதானப் பள்ளத்தாக்கிலிருந்து, அன்புடன்." கீழே பூத்தையல் அங்கியில் தட்டோடு வஸ்ஃபியா. இடம் பெயர் இல்லை, அவள் பெயர் இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது. இரண்டே நாளில் பள்ளத்தாக்கு முழுக்க, தூபாஸ், நாப்லஸ், நதிக்கு அக்கரையில் அம்மான்வரை போய்விட்டது. யாரோ அவள் நெற்றியில் "துரோகி" என்று எழுதி அனுப்பினான். அதை நானூறு பேர் அனுப்பினார்கள்.

அம்மானிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். இருபது வருஷமாக அக்கரையில் உட்கார்ந்திருப்பவன். "நம்ம வாப்பா கபுருல புரண்டு படுப்பாரு" என்று கத்தியது வீட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. தூபாஸ் சம்பந்தி வீட்டார் மரியாதையாகத்தான் சொன்னார்கள், கொஞ்ச நாள் போகட்டும், பேச்சு அடங்கட்டும், பிறகு கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று. பள்ளிவாசல் கமிட்டி ஆள் ஒருத்தன் வந்து ஃபவ்வாஸின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்டாட்டியை அடக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த ஆளின் இரண்டு மகன்கள் குடியேற்றத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தூதரக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அரசர்களிடமும் மந்திரிகளிடமும் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் எங்கள் ஜனங்கள் இவள் ஒருத்தியிடம் காட்டினார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் அவள்தானே இருந்தாள்.

நான் என்ன செய்தேன்? பஸ்ஸில் அவள் பக்கத்து இடத்தைவிட்டு இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தேன். என் மகனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. இஃப்திகார் அக்கா, போகாதே என்று முதலில் தடுத்தவள், அவள்தான் எழுந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் முன்னாலேயே, ஜீப்புகள் வந்தன. பின்னால் மஞ்சள் புல்டோசர். அதிகாரி கையில் காகிதம் வைத்திருந்தான், அதைப் படிக்கவில்லை, ஒரு கல்லின் கீழே வைத்தான். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். முதலில் ஊரின் பொதுத் தண்ணீர்த் தொட்டி. நசுக்கியதும் இருந்த தண்ணீர் எல்லாம் ஆட்டுப்புழுக்கையோடு ஓடிப்போனது. பிறகு மூன்று வீடு. இரண்டாவது வஸ்ஃபியாவுடையது. நாங்கள் நாலு பெண்கள் ஃபவ்வாஸைக் கட்டிலோடு தூக்கிவந்து வெயிலில் வைத்தோம். அவர் முகத்தின்மேல் துண்டைப் போடச் சொன்னார். பார்க்க விரும்பவில்லை.

வஸ்ஃபியா அழவில்லை. தகரத்தைக் கிளறி, பையைத் தேடி எடுத்து, அந்தக் கார்டை எடுத்தாள். மைஸூனின் போனில் அழைத்தாள். முதலில் ஒரு காரியதரிசி, ஹாஜியார் கூட்டத்தில் இருக்கிறார் என்றான். அரைமணி கழித்து மறுபடி. மூன்றாவது முறை அவரே எடுத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள், ஊரே சுற்றி நின்றது. எங்கள் எல்லோருக்கும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஹாஜியாரே, நான் வஸ்ஃபியா. பேரீச்சம்பழம் கொட்டகை. காப்பி."

"ஆங், சகோதரி! எப்படி இருக்க? உன் படம் இங்க எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

அவள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாக, நிதானமாக. தொட்டி, மூன்று வீடு, கட்டிலோடு வெளியே கிடக்கும் புருஷன். "இப்ப இன்னும் இங்கதான் நிக்கிறாங்க. நீங்க யாருகிட்டயாவது ஒரு போன் போட்டீங்கன்னா..."

அவர் வருத்தப்பட்டார். விசாரிக்கிறேன் என்றார். ஆச்சரியம், விசாரித்தும் இருக்கிறார். மத்தியானம் அவரே திருப்பி அழைத்தார். புல்டோசர் அதற்குள் போய்விட்டது.

"கேட்டேன்மா. அனுமதி இல்லாம கட்டினதுன்னு சொல்றாங்க. நீ ஏன்மா அனுமதி வாங்காம கட்டின?"

வஸ்ஃபியா போனைப் பார்த்தாள்.

"இது அவங்க உள்விவகாரம் சகோதரி, நாங்க வியாபாரிங்க. உனக்கு ஏதாவது உதவி அனுப்பட்டுமா? போர்வை..."

அவள் போனை அணைத்து மகளிடம் கொடுத்தாள். "இணைப்ப நிறுத்திட்டோம்னு சொன்னாரு இல்ல" என்றாள் இஃப்திகார் அக்கா. வழக்கமான கேலி அவள் குரலில் இல்லை. "இணைக்காமயே இடிக்கலாம்னு அவருக்குத் தெரியாது போல."

அன்று ராத்திரி செஞ்சிலுவை ஆட்கள் ஒரு கூடாரம் கொடுத்தார்கள். நான்காம் நாள் வஸ்ஃபியா வேலைக்கு வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்?

கொட்டகையில் ரமலான் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டிகள், மூடி மேலெல்லாம் அவள் முகம். ஹெஸியிடம் போய், "என் படத்த எடுத்துருங்க" என்றாள்.

"வீடு விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு" என்றான் ஹெஸி. "ஆனா பெட்டி அச்சடிச்சாச்சு வஸ்ஃபியா. நீதானே நின்ன? நீதானே சிரிச்ச?"

"ஆமா. நான்தான் சிரிச்சேன்."

திரும்பிவந்து தன் இடத்தில் நின்றாள். அவள் வேலை பெல்ட்டின் கடைசி: நிரம்பிய பெட்டியை ஒரு பார்வை பார்த்து, மூடியைப் போட்டு, மூலையில் தர எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதி அடுக்குக்குத் தள்ளுவது. அதனால் அவள் எழுதுவதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பத்தாவது பெட்டியிலோ என்னவோதான் நான் கவனித்தேன். எண்ணோடு நிற்கவில்லை. படத்துக்குக் கீழே, தட்டுக்கும் தங்க எழுத்துக்கும் நடுவில், அரபியில் ஒரு வரி. அவள் நாலாம் வகுப்புவரை படித்தவள், கோழிக் கிறுக்கல் மாதிரி பெரிய பெரிய எழுத்து.

"நான் மிஸ்லிஹ் மகள் வஸ்ஃபியா. என் வீட்டை இடித்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை."

அவ்வளவுதான். சாபம் இல்லை, கோஷம் இல்லை. எதிரே நின்ற நாங்கள் நாலு பேரும் படித்தோம். இஃப்திகார் அக்கா பெட்டிகளைக் கொஞ்சம் மெதுவாகத் தள்ள ஆரம்பித்தாள், அவளுக்கு எழுத நேரம் கிடைக்கட்டும் என்று. ஹெஸிக்கு அரபி பேச வரும், படிக்க வராது. அபூ காலிப் வெளியே வேனில் தூங்கிக்கொண்டிருப்பான். அன்று முழுக்க எழுதினாள், மறுநாளும் எழுதினாள். மார்க்கர் தீர்ந்ததும் ஹெஸியிடமே போய் இன்னொன்று வாங்கிவந்தாள். முதல் நாள் சரக்கு அன்று மாலையே லாரி ஏறிப் போய்விட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டு உள்ளே வந்த அபூ காலிப் அடுக்கைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நாசமாப் போனவளே! என் பொழப்பக் கெடுத்துட்டியேடி!" பாய்ந்துபோய் அவள் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "யாருக்கெல்லாம் தெரியும் இது? சொல்லுங்க!"

"எனக்குத் தெரியும்" என்றாள் இஃப்திகார் அக்கா. ஏப்ரனைக் கழற்றி பெல்ட்டின்மேல் போட்டாள். அது பழங்களோடு சேர்ந்து ஓடியது.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த பழத்தைப் பார்த்தேன். நல்ல பழம், தோல் பிரியாதது. முதல் தரத்தில் போட்டேன்.

இருவருடைய வேலை அனுமதிச் சீட்டும் அன்றே ரத்தாகியது. வாசல் காவலாளி அவள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டான். ஹெஸி அலுவலக ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான், வெளியே வரவில்லை.

போய்ச் சேர்ந்த பெட்டிகள் என்ன ஆயின என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. அங்கே யாராவது ஒரு பெண் நோன்பு திறக்கும் நேரத்தில் மூடியைப் படித்துவிட்டு வாயில் வைத்ததைக் கீழே வைத்திருப்பாள் என்று மைஸூன் நம்பிக்கொண்டிருந்தாள். பெருநாளுக்குப் பிறகு ஹெஸி ஒரு நாள் எங்களிடம் பேச்சுவாக்கில் சொன்னான். அங்கே கடையில் பார்த்ததும், எழுத்தின்மேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டினார்களாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்ததாம்.

"அபூ முஹைருக்குத்தான் ரொம்ப வருத்தம்" என்றான். "அவள அவரு தங்கச்சி மாதிரி நெனச்சாராம்."

வருஷம் திரும்பியபோது பெட்டியில் ஒட்டகப் படம் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் நான் ஒட்டகம் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

எழுத்து விஷயம் வெளியே பரவியதும் ஜனங்கள் மாறிவிட்டார்கள். துரோகி என்று அனுப்பிய அதே போன்களில் வீராங்கனை என்று அனுப்பினார்கள். தூபாஸ் சம்பந்திகள் இனிப்போடு வந்தார்கள். வஸ்ஃபியா கல்யாணத்தைத் தடுக்கவில்லை, மகள் ஆசைப்பட்டாள். ஆனால் அந்த இனிப்பில் ஒன்றுகூட அவள் வாயில் போடவில்லை. கூடாரத்தில் இரண்டாவது குளிர்காலத்தில் ஃபவ்வாஸுக்கு நெஞ்சில் சளி கட்டி, சாவடியில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தபோதே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் தூபாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். கிர்பத் அல்-வாவியில் இப்போது நாலு வீடுதான். மற்றவர்களை யாரும் துரத்தவில்லை, தண்ணீர் இல்லாமல் தாங்களாகவே போனார்கள் என்று சொல்வார்கள்.

போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். நான் போன நேரம், ரமல்லாவிலிருந்து ஏதோ ஒரு அமைப்பின் பையன் கேமராவோடு உட்கார்ந்திருந்தான். அரபு நாடுகள் அவர்களோடு கூட்டுச் சேர்வதை எதிர்த்துப் படம் எடுக்கிறானாம்.

"அந்தப் பூத்தையல் அங்கியப் போட்டுக்கிட்டு வர முடியுமா கால்லா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டான். "போட்டுக்கிட்டு, நான் இந்த ஒப்பந்தத்த எதிர்த்துத்தான் எழுதினேன்னு சொன்னா நல்லா இருக்கும்."

"அங்கி தகரத்துக்கு அடியில போச்சு தம்பி. எனக்கு ஒப்பந்தத்த எதிர்க்கவும் தெரியாது, ஆதரிக்கவும் தெரியாது. என்ன யாரும் கேட்டுக்கிட்டா போட்டாங்க? வீடு இடிஞ்சுது, தண்ணி இல்ல. அத எழுதினேன்."

"அதுவும் அதுவும் ஒண்ணுதானே கால்லா?"

"உனக்குத் தெரியுது. அந்த ஹாஜியாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "நீங்களும் என்ன சிரிக்கச் சொல்றீங்க, அழச் சொல்றீங்க. எந்திரி, எனக்கு வேலை இருக்கு."

பையன் கேமராவை மடக்கிக்கொண்டு போனான். நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். அவள் தக்காளி நறுக்கினாள், எண்ணெய் ஊற்றினாள். நான் இன்னும் அதே கொட்டகையில்தான் வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். இப்போது பெல்ட்டின் கடைசியில் நிற்பது நான்தான் என்பதும் தெரியும். எத்தனையோ நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னைக்குப் பஸ்ல நான்..."

"வேண்டாம் ருவைதா" என்றாள். கோபம் இல்லை, களைப்புதான். "நீ சொன்னா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்லன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சாப்பிட்டுக் கிளம்பு, சாவடி மூடிருவான்."

சாப்பிட்டேன். கிளம்பினேன். வாசல்வரை வந்தாள், கையைப் பிடிக்கவில்லை.